சம்மனசுகள் அண்ணாந்து பார்த்த முகம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டுப் பத்துக்கு வுப்பர்டாலில் ரயில் ஏறினோம். நான், என் மனைவி றெஜினா, ஒரு உருட்டுப் பெட்டி, ஒரு சாப்பாட்டுப் பை. டிரெஸ்டன் ஏறக்குறைய அறுநூறு கிலோமீற்றர். வண்டி மாறாமலே போகலாம், ஏழு மணி நேரம் பிடிக்கும். ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்தபடியால் ஆளுக்கு முப்பத்தேழு யூரோ தொண்ணூறு சதத்தோடு முடிந்தது. யன்னலோரத்து இருக்கையை அவளுக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன், அது யாருக்குத் தேவை என்று.

செவ்வாய்க்கிழமையைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை பூட்டு. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. டுசல்டோர்ஃபில் ஓர் ஓவியக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் காவலாளாக நின்றுவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். எனக்கு வார ஓய்வு திங்கள். றெஜினா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாள். ஒரு நாளாவது வீட்டில் ஒன்றாக இருக்கலாம் என்று அவளும் கேட்டுக் கெஞ்சித் திங்கட்கிழமையையே வாங்கினாள். ஆக, ஊர்ப்பட்ட படங்களையெல்லாம் காவல் காத்தவன் தன் பெண்சாதியை ஒரு நாள்கூட ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகவில்லை. எங்களுக்கு ஓய்வென்றால் அவற்றுக்கும் ஓய்வு. வருட விடுமுறை வந்தால் எங்கள் சனம் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். யாரோ வீட்டுக் கலியாணம், யாரோ பிள்ளை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை என்று லண்டனுக்கும் பாரிசுக்கும் ஓடி, மண்டபத்திலிருந்து மண்டபத்துக்குப் போய்ச் சேலை மடித்துக்கொண்டு திரும்பி வருவோம்.

இப்போது போவதற்கும் காரணம் உண்டு. றெஜினாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இடக்கண் இரண்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. வலக்கண்ணும் புகை பிடித்த சிம்னி மாதிரி ஆகிவிட்டது. பயணத்துக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை சத்திரசிகிச்சைக்கு டெர்மின், அதாவது வைத்தியசாலையில் நாள், கிடைத்திருந்தது. பார்வை மிஞ்சும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் வைத்தியர். அதற்கு முன் ஏதாவது பார்க்க ஆசையிருந்தால் பார்த்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அதை றெஜினாவே சொன்னாள்.

அவள் பார்க்க ஆசைப்பட்டது ஒரு படம். மன்னாரில் அவளுடைய முதல் நன்மைக்குக் குருவானவர் ஒரு சின்னப் படம் கொடுத்திருந்தார். இரண்டு குட்டிச் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், ஒரு கட்டையில் கையூன்றி மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். செபப்புத்தகத்துக்குள் வைத்த அந்தப் படம் இடம்பெயர்வுகளையெல்லாம் தப்பி ஜெர்மனிவரை வந்துவிட்டது. இங்கே வந்தால் பிஸ்கட் பெட்டியிலும் கடதாசிக் கைத்துண்டிலும் அதே இரண்டு பேர். அது ஒரு பெரிய மாதா படத்தின் அடித்துண்டு மட்டும்தான் என்று முதியோர் இல்லத்தில் டிரெஸ்டன்காரக் கிழவி ஒருத்தி சொன்ன நாளிலிருந்து றெஜினாவுக்கு அதே நினைப்பு. சின்ன வயதிலிருந்து இவர்கள் யாரை அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. போனில் எடுத்துக் காட்டுகிறேன் என்றேன்.

"உந்தப் போனிலை பாக்கிறதெண்டால் எப்பவோ பாத்திருப்பன். நேரிலை போய்த்தான் பாக்கவேணும்," என்றாள்.

ஹனோவர் தாண்டியதும் இடியப்பப் பொதியை அவிழ்த்தோம். அப்போதுதான் எனக்கு ஒரு வேலை தந்தாள்.

"இஞ்சருங்கோ, எனக்கு எவ்வளவு தெரியுமோ தெரியேல்லை. நீங்கள் வடிவாப் பாத்து வைச்சிருங்கோ. பிறகு நான் கேக்கேக்கை சொல்லவேணும். முக்கியமா அவவின்ர முகம்."

"உதுதானே என்ர வேலை. இருபத்திரண்டு வரியமாப் பாத்தது படத்தைத்தானே," என்றேன்.

பச்சைப் பொய். ஓவியக்கூடத்தில் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் சம்பளம். சனத்தின் கையைப் பார்ப்போம், முதுகில் தொங்கும் பையைப் பார்ப்போம், மழை நாளில் குடையின் நுனியைப் பார்ப்போம். படத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கை போனால் மணி அடிக்கும். மணி அடிக்க முதல் ஆளை மறிப்பவன்தான் கெட்டிக்காரன். என் கூடத்தில் எட்டு வருடம் என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய ஒரு படத்தில் குதிரை நின்றதா மாடு நின்றதா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

மூன்று பத்துக்கு டிரெஸ்டன். நிலையத்திலிருந்து ட்ராமில் ஆற்றைக் கடந்து புது நகர்ப் பக்கம் போனால் வாடகை குறைந்த விடுதிகள் உண்டு. எங்களுக்குக் காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு எழுபத்துநான்கு யூரோ. பெட்டியை வைத்துவிட்டுப் பழைய நகர்ப் பக்கம் நடந்தோம். போரில் இடிந்து, பிறகு கல் கல்லாகக் கட்டியெழுப்பிய பெரிய தேவாலயம் சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது. பழைய கற்கள் கறுப்பு, புதியவை வெளிர் மஞ்சள்.

"கறுத்தக் கல்லு மட்டும் தெரியுது. மற்றதெல்லாம் வானத்தோடை போட்டுது," என்றாள் றெஜினா. கறுப்புக் கற்களை விரலால் சுட்டி எண்ணத் தொடங்கி, இருபத்தேழில் விட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு திறக்க முதலே சுவிங்கர் அரண்மனை வாசலில் நின்றோம். அரண்மனை என்றாலும் உள்ளே இருப்பது முற்றம், தண்ணீர்த் தொட்டிகள், சுற்றிவர அருங்காட்சியகங்கள். நாங்கள் போன நாளில் பதினான்கு யூரோச் சீட்டில் மூன்றையும் பார்க்கலாம்: பீங்கான், பழைய ஓவியங்கள், பழைய விஞ்ஞானக் கருவிகள். கருவிகள் இருக்கிற கூடத்தில் தொலைநோக்கிகளும் கண்ணாடி வில்லைகளும் நிறைய உண்டு என்று வாசலில் படம் போட்டிருந்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிட வேண்டாம். நாங்கள் போகவில்லை. பார்ப்பதற்கென்று செய்த கருவிகளுக்கு நடுவில் அவளை நடத்திக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

ஓவியத்துக்கு நேரே போகலாம் என்றால் றெஜினா முதலில் பீங்கான் என்றாள். நல்ல சாப்பாட்டைக் கடைசியில் சாப்பிடுகிற பழக்கம் அவளுக்கு. பீங்கான் கூடம் நீளமானது, வெளிச்சமானது, கண் மங்கினவர்களுக்கு உகந்தது. ஜப்பானிலிருந்து முந்நூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்த சாடிகள், சிவப்பும் நீலமும் பொன்னுமாக அடுக்கடுக்காக நிற்கின்றன. அவளுக்குப் பொன் பூசின இடங்கள் மட்டும் மினுங்கித் தெரிந்தன. ஒவ்வொன்றின் முன்னும் நின்று, "இதிலை பூவோ குருவியோ?" என்று கேட்டாள். சொல்லிக்கொண்டே போனேன். சில இடங்களில் பூ என்று சொன்ன பிறகு பார்த்தால் குருவி. திருத்தவில்லை.

ஓரிடத்தில் இடுப்பளவு உயரத்தில் நீலநிறச் சீனச் சாடிகள். இந்த நாட்டு அரசன் பக்கத்து அரசனுக்கு அறுநூறு குதிரைவீரரைக் கொடுத்து வாங்கிய பீங்கான்களில் அவையும் சேர்த்தி என்று எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னேன்.

"அறுநூறு ஆம்பிளையளையோ?"

"ஓம். உயிரோடை."

"அவையின்ர பெண்சாதிமாருக்கு ஒரு கோப்பையாவது குடுத்திருப்பினமோ?"

பக்கத்தில் நின்ற ஜப்பானியத் தம்பதி நாங்கள் சிரிப்பதைப் பார்த்துத் தாங்களும் சிரித்தார்கள். அந்த மனிதர் தன் நாட்டுச் சாடியைக் காட்டித் தலையை மெல்லக் குனிந்தார். நானும் குனிந்தேன். அந்தப் பயணத்தில் நாங்கள் மனம்விட்டுச் சிரித்தது அந்த இடத்தில்தான்.

பதினொன்றே முக்காலுக்கு ஓவியக்கூடம். அந்த மாதா படத்தைத் தேடவேண்டியதில்லை. சனம் போகிற திசையில் போனால் சரி. ஆளைவிடப் பெரிய படம், கண்ணாடிக்குப் பின்னால், பொன் சட்டத்துக்குள் தனியாக ஒரு சுவரில் தொங்குகிறது. முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு. அறைக்கு ஒரு காவலாள், அறுபதை நெருங்குகிற ஜெர்மன் பெண்மணி. நான் உள்ளே போனதும் முதலில் பார்த்தது அவரைத்தான். காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றார். எனக்கும் அதே முழங்கால் வருத்தம் உண்டு. பிறகு கயிறு எவ்வளவு தொய்ந்திருக்கிறது, மணியடிக்கும் உணரி எங்கே இருக்கிறது, மூலையில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைகள் முதுகிலா கையிலா. இவ்வளவையும் நான் பார்த்து முடிக்கையில் றெஜினா கயிற்றுக்குக் கிட்டே போய்விட்டாள்.

"இஞ்சை கீழை நிக்கினம், இரண்டு பேரும்," என்றாள். குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டிருந்தது. "மேலை நீலமா ஒண்டு தெரியுது. அதுவோ மாதா?"

"ஓம், நீலச் சேலை."

"முகம் தெரியேல்லை. முகம் ஒரே வெள்ளையாக் கிடக்குது."

இன்னும் கிட்டப் போனாள். கயிறு அவளுடைய பாவாடையில் முட்டியது. எங்கள் ஆட்கள் கோயிலில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதா சுரூபம் என்றாலும் படம் என்றாலும் விரலால் தொட்டு, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஊரில் மடு மாதா கோயிலிலும் அப்படித்தான், இங்கே வருடா வருடம் கேவலார் மாதா கோயிலுக்கு யாத்திரை போகும்போதும் அப்படித்தான். யோசித்துச் செய்கிற காரியமல்ல. றெஜினாவின் வலக்கை எழும்பியது. தான் முகம் காணாத மாதாவின் காலடியைத் தொட்டு, அந்த விரலைத் தன் கண்ணில் வைக்கத்தான் அந்தக் கை போனது. வேறு எதற்கு?

"பிட்டே அப்ஸ்டாண்ட் ஹால்டன்!"

தயவுசெய்து தள்ளி நில்லுங்கள் என்று பொருள். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காவலாளிப் பெண்மணி சொல்லவில்லை. அவர் வாய் திறக்க முதலே நான் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை சொன்ன அதே குரலில், ஜெர்மனில், முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சொல்வதுபோல என் பெண்சாதிக்குச் சொன்னேன். மணி அடிக்கவில்லை. நான் கெட்டிக்காரன்தான்.

கை அப்படியே நின்றது. பிறகு கீழே வந்து கைப்பையின் பிடியைப் பற்றிக்கொண்டது. மற்றக் கையும் வந்து அதன்மேல் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கிட்டப் போகவில்லை. ஒரு சொல் தமிழில் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

காவலாளிப் பெண்மணி என்னிடம் வந்தார். "நீங்களும் இந்த வேலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"டுசல்டோர்ஃபில். இருபத்திரண்டு வருடம்."

"குரலில் தெரிந்தது. உங்கள் மனைவியா?"

ஆம் என்றேன். கண் வருத்தத்தையும் அடுத்த வாரச் சத்திரசிகிச்சையையும் இரண்டு வசனத்தில் சொன்னேன். அவர் றெஜினாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த அறை வாசலில் பையை முதுகில் போட்டிருந்த ஒரு பையனிடம் பேசப் போனார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேலையாகத்தான் போனாரோ, வேண்டுமென்றே போனாரோ, அது எனக்குத் தெரியாது. என் வேலையில் நானும் இரண்டொரு தடவை அப்படிப் போய் நின்றிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் போய் அவளுடைய கையைப் பிடித்து, "இப்ப தொடும்," என்று சொல்லியிருக்கலாம். படத்தையோ கண்ணாடியையோ வேண்டாம், கீழே அந்தப் பொன் சட்டத்தின் ஓரத்தை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவளுடைய இரண்டு கையும் பையின் பிடியில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெண்மணி திரும்பி வந்தார். "போவம்," என்றாள் றெஜினா.

முற்றத்துக்கு வெளியே ஒரு கோப்பிக்கடை. ஒரு கோப்பி மூன்று யூரோ எண்பது. சீனி போடாமல் குடித்தாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும், றெஜினா. பழக்கதோசம்."

"அது உங்கட வேலை. நான் கிட்டப் போயிருக்கக் கூடாது." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எண்டு சும்மாவே சொன்னவை," என்றாள். எனக்கும் அதே பழமொழி காலையிலிருந்து நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் முன்னால் சொல்லக் கூடாதென்று விழுங்கி விழுங்கி வைத்திருந்தேன்.

நினைவுப்பொருள் கடையில் அந்தப் படத்தின் தபாலட்டை ஒன்று வாங்கினேன், ஒரு யூரோ ஐம்பது. அவளுக்குத் தெரியாமல் சட்டைப்பைக்குள் வைத்தேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

வியாழன் காலை, ரயிலுக்கு முன் மூன்று மணி நேரம் இருந்தது. உடம்பைப் பற்றிய ஓர் அருங்காட்சியகம் இந்த நகரத்தில் உண்டு, பெரிய தோட்டத்துக்குக் கிட்ட. எலும்பும் நரம்பும் வெளியே தெரியக் கண்ணாடிபோல் செய்த முழு மனித உருவம் அங்கே பிரசித்தம். பல பொருட்களைக் கையால் தொட்டுப் பார்க்க விட்டிருக்கிறார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. உள்ளே பூசணிக்காயளவில் ஒரு கண். மூடியைக் கழற்றினால் உள்ளே வில்லை, அதற்குப் பின்னால் சிவப்பு நரம்புகள்.

"இதைத் தொடலாம்," என்றேன். "தொட விட்டிருக்கினம்."

தொட்டாள். வில்லையைக் கையில் எடுத்து உருட்டினாள். நரம்புகளைச் சுட்டுவிரலால் தடவினாள். திரும்பப் பொருத்த நான் உதவினேன்.

"வழவழப்பா இருக்குது," என்றாள். வாசலில் நான் மேலங்கியைப் போட்டுவிடும்போது, "தொட விட்டதைத் தொடுறதிலை என்ன கிடக்குது," என்றாள். எனக்குச் சொன்னதுபோல் இல்லை.

திரும்பும் ரயிலில் அவள் நித்திரை. நான் தபாலட்டையை எடுத்து மாதாவின் முகத்தைப் பாடமாக்கப் பார்த்தேன். விரல்நகம் அளவு முகம். அதில் என்ன இருக்கும்? ஆற்றைக் காடு மறைக்கும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அட்டையைத் திரும்ப வைத்தேன். நல்ல நகரம். போனால் மூன்று நாள் காணாது, ஐந்து நாள் ஒதுக்குங்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் படத்தைப் பாருங்கள்.

இது நடந்து மூன்று மாதம். சத்திரசிகிச்சையில் பிழை ஒன்றும் இல்லை, கண்தான் ஒத்துழைக்கவில்லை என்றார் வைத்தியர். வலக்கண்ணுக்கு இப்போது யன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு எதிரே ஆற்றின் மேலாகத் தொங்கு ரயில் போகும்போது சமையலறை ஒருமுறை இருண்டு வெளிக்கும். அது தெரிகிறது, ரயில் போகுது என்பாள்.

போன திங்கட்கிழமை காலை, கோப்பிக்குப் பிறகு, நான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"இஞ்சருங்கோ, இப்ப சொல்லுங்கோ. அவவின்ர முகம் என்ன மாதிரி?"

அட்டை சட்டைப்பையில் தயாராக இருந்தது. சத்தம் போடாமல் எடுத்தேன். "வட்ட முகம். பெரிய கண். பிள்ளையை நெஞ்சோடை அணைச்சபடி நேர பாக்கிறா. தலையிலை முக்காடு…"

"அட்டையைப் பாத்து வாசிக்கிறியள்," என்றாள். "வேத பாடம் சொல்லுற குரல் வருது."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அட்டையை மேசையில் வைத்தேன்.

"அப்ப நீங்கள் அங்கை என்னத்தைப் பாத்தனியள்?"

"உம்மட கையை."

தொங்கு ரயில் ஒன்று போனது. அவள் ரயில் போகுது என்று சொல்லவில்லை. கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அப்ப அதையாவது சொல்லுங்கோ," என்றாள். "வடிவாச் சொல்லுங்கோ."

சொன்னேன். அட்டை தேவைப்படவில்லை. வலக்கை, தீர்த்தம் தொடப் போவதுபோல இரண்டு விரல் முன்னுக்கு, மற்ற விரல்கள் கொஞ்சம் மடங்கி. பெருவிரலடியில் முதியோர் இல்லத்துச் சூப் சட்டி சுட்ட தழும்பு. மோதிரம் இறுகி இரண்டு பக்கமும் சதை பிதுங்கினது. சுட்டுவிரல் நகத்தில் பயணத்துக்கு முந்தின நாள் சமையலின் மஞ்சள். கை நடுங்கவில்லை, நேராகப் போனது, மன்னாரில் முதல் நன்மைக்குப் போன பிள்ளையின் கை எப்படிப் போயிருக்குமோ அப்படி. நான் சத்தம் போட்டதும் விரல்கள் உடனே மடங்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்று, பிறகுதான் மடங்கின.

"மறிக்கேக்கை எவ்வளவு தூரத்திலை நிண்டது?"

"ஒரு சாண்."

றெஜினா தன் வலக்கையை மேசையில் விரித்து வைத்தாள். மற்றக் கையால் பெருவிரல் நுனியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து சின்னவிரல் நுனிவரை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானே," என்றாள்.

ஓம் என்றேன்.